மூன்று டாலரும் பதினாறு சென்ட்டும்

1971 செப்டம்பர் 9ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஆட்டிக்கா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து காவலர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். 13ஆம் தேதி காலை போலீஸ் சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது. எல்லாம் சேர்த்து 43 உயிர் போயிற்று. அந்த நாட்களில் கைதிகள் எழுதிக் கொடுத்த கோரிக்கைப் பட்டியல் ஒன்று உண்டு. நல்ல சாப்பாடு, மருத்துவம், வழிபாட்டு உரிமை, செய்கிற வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று போகும் அந்தப் பட்டியலில், விரும்பியவர்களோடு தொடர்புகொள்ள எங்களை அனுமதியுங்கள் என்பதும் ஒன்று. கூடவே, அந்தச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

வேறு யாரும் அந்த இடத்தில் நிற்காமல் படித்துக்கொண்டு போய்விடலாம். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். செலவு என்று எங்கே கண்டாலும் அது யார் தலையில் என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அன்றைக்கு அந்தக் கைதிகள் தங்கள் தலையில் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த செலவு, 25 வருஷம் கழித்து அவர்களுடைய அம்மாமார் தலையில் பல மடங்காக வந்து உட்கார்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்ச காலம் என் வீட்டு வரவேற்பறையிலும் அது நடந்தது.

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் பிளஷிங் என்ற பேட்டையில் எங்கள் வீடு. 1977இல் கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயிலுக்கு நடந்துபோகிற தூரம். மளிகைக் கடை, புடவைக் கடை, டிராவல் ஏஜென்சி என்று நம்மவர் நடத்திய சின்னச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் செந்தில் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தான். ஒரு ராத்திரி குடியில் ஒரு சண்டை, ஒருவருக்குக் கடுமையான காயம். அவன் செய்ததற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. அடிபட்டவருக்கும் ஒரு வீடும் ஓர் அம்மாவும் உண்டு. தீர்ப்பு வந்தது. கனடா எல்லைப் பக்கம், எங்களிடமிருந்து 300 மைலுக்கும் அப்பால் ஒரு சிறைக்கு அவனை அனுப்பினார்கள்.

நியூயார்க் சிறைகளின் பூகோளமே அப்படித்தான். கைதிகளில் பெரும்பங்கு அப்போது தெற்கே இருக்கும் நகரத்து ஆட்கள். பெரிய சிறைகள் பல வடக்கேயும் மேற்கேயும். ஆட்டிக்கா கலவரத்துக்குப் பிறகு, 1973இல், குடும்பத்தார் போய்ப் பார்க்க மாநில அரசே இலவசப் பேருந்து விட்டது. தனியார் பேருந்துகளும் உண்டு. ராத்திரி ஏறினால் விடிகாலையில் சிறை வாசல். கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் பேருந்தின் பின்னிருக்கையிலேயே தலைசீவிப் பொட்டு வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம் என்றால், இங்கே உதட்டுச் சாயம். மற்றபடி வேலூர் சிறைக்கு மனு பார்க்கப் போகிற கூட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடிக்கடி போய்வர முடியாது. கடிதத்துக்கு நாள் ஆகும். மிச்சம் இருந்தது போன் ஒன்றுதான்.

அமெரிக்கச் சிறைகளில் போன் அவ்வளவு பழைய வழக்கம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசின் சிறைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு அழைப்பு கிடைத்தால் அதிகம். அதையும் அதிகாரிதான் எண்ணைச் சுழற்றிக் கொடுப்பார். மாநிலச் சிறைகளில் கைதியே எடுத்துப் பேசும் போன்கள் பரவலானது அதற்குப் பிறகுதான். எல்லாமே கலெக்ட் கால், அதாவது பேசுகிறவர் காசு போட மாட்டார், கேட்கிறவர் வீட்டுக்கு பில் வரும். 

எங்கள் வீட்டில் மணி அடிக்கும். எடுத்தால் ஒரு பதிவுக்குரல், இது சிறைக் கைதி ஒருவரிடமிருந்து வரும் கலெக்ட் கால் என்று இங்கிலீஷில் சொல்லும். நடுவில் இரண்டு நொடி இடம் விட்டிருப்பார்கள். அதில் கூப்பிடுகிறவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்ள ஒரு எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாமல் வைத்துவிட்டால் காசு இல்லை. செந்தில் சில நாள் பெயருக்குப் பதிலாக "நல்லாருக்கேன் சித்தி" என்று அந்த இரண்டு நொடிக்குள் சொல்லிவிடுவான். நான் வைத்துவிடுவேன். மிஸ்டு கால் என்பது நம் ஊர்க்காரர் மூளையில் உதித்தது என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பே அந்தச் சிறைகளில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இந்த வித்தையைக் கற்றுவைத்திருந்தார்கள்.

ஏற்றுக்கொண்டால் பேச்சு முழுவதும் பதிவாகும். ஒப்புதல் பெற்ற எண்களுக்கு மட்டுமே கூப்பிடலாம். மூன்றாவது ஆளை இணைப்பில் சேர்த்தால் விதிமீறல். கண்டுபிடித்தால் இணைப்பு போய்விடும், பையனுக்குத் தண்டனையும் வரும். செல்போனில் கலெக்ட் கால் வராது, ஆகவே ஊரெல்லாம் கம்பி போனைத் துண்டித்துக்கொண்டிருந்த காலத்தில் சிறையில் ஆள் இருந்த வீடுகள் அதைக் கட்டிக் காத்தன. கும்பகோணத்துக்கு அவன் நேரே பேச வழியே இல்லை. அதனால் நான் இடையில் ஆள் ஆனேன். அவன் பேசி முடித்ததும் காலிங் கார்டு எடுத்துச் சுரண்டி அக்காவைக் கூப்பிடுவேன்.

"என்னடி சொன்னான்? அப்படியே சொல்லு. ஒண்ணும் விடாதே."

"சாப்பிடறானாம். குளிராம். கம்பளி உள்ளாடை வேணுங்கறான்."

"குரல் எப்படி இருந்துது?"

குரல் எப்படி இருந்தது என்பதை மட்டும் என்னால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மாதக் கடைசியில் இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஊருக்கு ஒரு நிமிடம் பேச ஒரு டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் நாங்கள். பிறகு போட்டி வந்தது, கார்டுகள் வந்தன. 2002 ஏப்ரலில் இந்தியாவின் வெளிநாட்டு அழைப்புகளில் விஎஸ்என்எல் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை முடிந்ததும் விலை இன்னும் சரிந்தது. குயின்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய 5 டாலர் கார்டில் கும்பகோணத்தோடு அரை மணி நேரம் பேசலாம். அதே காலத்தில், 2003 வாக்கில் நியூயார்க் சிறை அழைப்புக்கு வந்த சீர்கட்டணம் இது: எடுத்தவுடன் 3 டாலர், பிறகு நிமிடத்துக்கு 16 சென்ட். 20 நிமிடம் பேசினால் 6 டாலர் 20 சென்ட். கடல் தாண்டி இருக்கும் அம்மாவோடு பேசுவது மலிவு. அதே மாநிலத்துக்குள் இருக்கும் மகனோடு பேசுவது விலை.

ஏன் என்பதற்கு பதில் 1984இல் இருக்கிறது. அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி ஏடி அண்ட் டி என்ற ஒற்றைப் பெரும் தொலைபேசி நிறுவனத்தை அரசு உடைத்தது. தொலைதூர அழைப்பில் போட்டி வந்தது, சாதாரண வீடுகளுக்கு விலை இறங்கியது. சிறையில் மட்டும் போட்டி தலைகீழாக வேலை செய்தது. வெளியில் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பவரே பேசுகிறார், அவரே காசும் கட்டுகிறார்; விலை பிடிக்காவிட்டால் மாறிவிடுவார். சிறையிலோ, பேசுகிறவன் கைதி, காசு கட்டுகிறவள் அவன் அம்மா, கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது சிறைத்துறை. தேர்ந்தெடுப்பவருக்கு விலை வலிக்காது. ஆகவே கம்பெனிகள் குறைந்த விலை காட்டிப் போட்டிபோடவில்லை; சிறைத்துறைக்கு அதிகக் கமிஷன் காட்டிப் போட்டிபோட்டன. கமிஷன் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கட்டணமும் உயர வேண்டும். 1990களில் நாடு முழுக்க மாநிலச் சிறைகளும் மாவட்டச் சிறைகளும் இப்படித்தான் ஒப்பந்தம் போட்டன.

நியூயார்க் மாநிலம் 1996இல் ஒரு பெரிய தொலைதூர நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் கமிஷன் 60 சதவீதம், பிறகு 57.5. என் 6 டாலர் 20 சென்ட்டில் 3 டாலர் 56 சென்ட் மாநிலத்துக்கு. மீதி 2 டாலர் 64 சென்ட்டில்தான் கம்பி, கருவி, பதிவு இயந்திரம், ஆள் கூலி, கம்பெனியின் லாபம் எல்லாம். என் கட்சிக்காரர்களில் எந்த மளிகைக் கடைக்காரரும் பாதிக்கு மேல் கமிஷன் போகிற சரக்கை வாங்கி விற்க மாட்டார். அப்படி ஒரு வரியை நான் பேரேட்டில் கண்டால், இது யாருக்குப் போகிற காசு என்று முதலாளியிடம் தனியாகக் கேட்டிருப்பேன்.

அரசின் தரப்பையும் சொல்ல வேண்டும். அந்தக் காசை யாரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் ஒரு குடும்ப நல நிதியில் சேர்ந்து, நான் சொன்ன இலவசப் பேருந்து, கைதிகளின் மருத்துவச் செலவு போன்றவற்றுக்குப் போயிற்று. ஒரு அம்மாவை இலவசமாகப் பேருந்தில் ஏற்றிவிட்டு, அந்தச் செலவை வேறு பல அம்மாமாரின் போன் பில்லில் வசூலிப்பது என்பதுதான் ஏற்பாடு. சிறை நடத்துவது அரசின் கடமை என்றால் அதற்கான காசு எல்லோரும் கட்டும் வரியிலிருந்து வர வேண்டும். இங்கே நகரத்தின் ஏழைப் பேட்டைகளில் இருந்த கறுப்பின, ஸ்பானிஷ் மொழி பேசும் குடும்பங்கள் வரி கட்டியபிறகு இன்னொரு வரியும் கட்டின.

அது வரிதான் என்று சொல்லி வழக்கும் போட்டார்கள். 2004இல் கைதிகளின் குடும்பத்தார் சிலர், நியூயார்க்கின் ஒரு மனித உரிமைச் சட்ட மையத்தின் துணையோடு மாநிலச் சிறைத்துறை மீது தொடுத்த அந்த வழக்கு வால்டன் வழக்கு என்று அறியப்படுகிறது. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் போடப்பட்ட வரி இது, செல்லாது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. வழக்கு நடக்கும்போதே தெருவிலும் சட்டமன்றத்திலும் பிரசாரம் நடந்தது. 2007 ஜனவரியில் புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் எலியட் ஸ்பிட்சர், மாநிலம் இனி இந்தக் கமிஷனை எடுத்துக்கொள்ளாது என்று அறிவித்தார். அதே வருஷம் சட்டமன்றமும் சட்டம் இயற்றியது: சிறை போன் ஒப்பந்தத்தில் அரசு வருமானம் பார்க்கக் கூடாது, குடும்பத்துக்கு எது மிகக் குறைந்த விலையோ அதையே முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

2007 ஏப்ரல் 1 முதல் புதுக் கட்டணம். எடுத்தவுடன் 1 டாலர் 28 சென்ட், நிமிடத்துக்கு 6.8 சென்ட். பில் வந்த அன்று கால்குலேட்டரை எடுத்து 20 நிமிடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 2 டாலர் 64 சென்ட். பழைய கட்டணத்திலிருந்து 57.5 சதவீதத்தைக் கழித்தால் வருவது அதே 2 டாலர் 64. கம்பெனி தன் பங்கில் ஒரு காசும் இழக்கவில்லை. விலை கூடுதலாக இருப்பதற்குப் பாதுகாப்புதான் காரணம், பதிவு இயந்திரம்தான் காரணம் என்று அத்தனை வருஷம் சொன்ன சமாதானமெல்லாம் அந்த ஒரு கழித்தலில் போயிற்று.

2010இல் புதுச் சட்டப்படி புது ஒப்பந்தம். இப்போது கம்பெனிகள் விலையைக் குறைத்துக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். எடுத்தவுடன் கட்டும் தொகை அறவே போயிற்று, நிமிடத்துக்கு 4.8 சென்ட். 20 நிமிடத்துக்கு 96 சென்ட். இந்த முறை கம்பெனியின் பங்கும் இறங்கியிருந்தது. அதே சுவர், அதே கம்பி, அதே கண்காணிப்பு.

வழக்கு என்ன ஆயிற்று? 2009இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தக் கமிஷன் வரி ஆகாது என்று தீர்ப்பளித்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. விலையை இறக்கி வெற்றி பெற்றவர்கள் வழக்கில் தோற்றார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "போனது போகட்டும்டி, இனிமே கொஞ்சம் நீளமா பேசச் சொல்லு" என்றாள். அப்போது செந்திலுக்கு இருந்தது கொஞ்ச மாதம்தான். குடியுரிமை இல்லாததால் தண்டனை முடிந்ததும் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது குரல் எப்படி இருக்கிறது என்று அக்கா என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நியூயார்க் கதை ஒரு மாநிலத்தின் கதை. நாடு முழுவதற்குமான கதையை ஒரு பாட்டி நடத்தினார். வாஷிங்டன் நகரத்தில் இருந்த மார்த்தா ரைட், ஓய்வுபெற்ற நர்ஸ், கண் பார்வை இல்லாதவர். அவருடைய பேரன் சிறையில். வாஷிங்டனின் கைதிகளை வைத்திருந்த லார்ட்டன் சிறை நகரத்துக்கு வெளியே சுமார் 20 மைலில் இருந்தது. 1997இல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தால் அதை மூடுவதென்று முடிவாகி, கைதிகளைத் தூர மாநிலங்களுக்கு அனுப்பினார்கள்; 2001இல் சிறை மூடப்பட்டது. பாட்டியால் அவ்வளவு தூரம் பயணம் போக முடியாது, கடிதத்தைப் படிக்க முடியாது. போனுக்குக் கொடுத்துக் கொடுத்து மருந்துக்கா பேரனுக்கா என்று கேட்டுக்கொள்ளும் நிலை. 2000இல் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு தனியார் சிறை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நீதிபதி, இது மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று அங்கே அனுப்பினார். 2003இல் ஆணையத்தில் மனு. கோப்பு பத்து வருஷம் கிடந்தது.

2013 ஆகஸ்டில், ஆணையத்தின் இடைக்காலத் தலைவராக மிக்னான் கிளைபர்ன் இருந்தபோது அது எழுந்தது. மாநில எல்லை தாண்டும் சிறை அழைப்புக்கு உச்சவரம்பு வந்தது: முன்பணம் கட்டியிருந்தால் நிமிடத்துக்கு 21 சென்ட், கலெக்ட் கால் என்றால் 25. அதுவரை சில இடங்களில் 15 நிமிடப் பேச்சுக்கு 17 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மார்த்தா ரைட் 2015 ஜனவரியில் காலமானார். அந்த வருஷமே மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளுக்கும் ஆணையம் உச்சவரம்பு விதித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2017 ஜனவரியில் அஜித் பை ஆணையத்தின் தலைவரானபோது, நம்மில் ஒருவர் என்று எங்கள் பேட்டையில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அவர் தலைமையில் ஆணையம் முதலில் செய்தவற்றில் ஒன்று, மாநிலத்துக்குள்ளான உச்சவரம்பை இனி நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாடமாட்டோம் என்று சொன்னது. அந்த ஜூனில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. சரி, சட்டத்தையே மாற்றுவோம் என்று கிளம்பி, 2023 ஜனவரி 5ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்ட புதுச் சட்டத்துக்கு மார்த்தா ரைட்டின் பெயரையே வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின்படி 2024 ஜூலையில் ஆணையம் போட்ட உத்தரவில், மாநிலச் சிறைகளிலிருந்து பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் உச்சவரம்பு. கமிஷன் கொடுப்பதற்கே தடை. 15 நிமிடத்துக்கு 90 சென்ட். ஆனால் 2025 ஜூன் இறுதியில் ஆணையம் அதன் அமலை 2027 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. அக்டோபரில் வரம்பையே உயர்த்த வாக்களித்தது. மத்தியில் இப்படி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க, உள்ளூர் அரசுகள் வேறு வழி கண்டன. 2019இல் நியூயார்க் நகரம் தன் சிறைகளில் போனை இலவசமாக்கியது. 2021இல் கனெக்டிகட் அதற்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம். 2023 தொடக்கத்தில் கலிபோர்னியா, அந்த வருஷமே மினசோட்டா, மாசசூசெட்ஸ் என்று வரிசை நீண்டது. 2025 ஆகஸ்டிலிருந்து நியூயார்க் மாநிலச் சிறைகளிலும் இலவசம்.

இலவசம் என்றால் யாரும் கட்டவில்லை என்று ஆகாது, அரசு கட்டுகிறது. கணக்குப் பார்க்கிறவளாக எனக்கு இதில் பிடித்தது கருணை அல்ல. தேர்ந்தெடுப்பவரும் காசு கட்டுபவரும் இப்போது ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். இனி விலை பேசும்போது அந்த ஆளுக்கு வலிக்கும்.

இப்போது கைதிகளுக்கு டேப்லட் கொடுக்கிறார்கள். அதில் குறுஞ்செய்தி, வீடியோ அழைப்பு, பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கோயில் கேன்டீனில் எப்போதாவது யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமி, ஒரு விஷயம், யார்கிட்டயும் சொல்லாதீங்கோ" என்று தொடங்கி ஒரு ரசீதை நீட்டுவார்கள். யாருடைய பிள்ளை, என்ன குற்றம் என்று நான் கேட்பதில்லை. அவர்கள் விலையைக் காட்டி, இது அநியாயமா நியாயமா என்று கேட்பார்கள். ரசீதைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அந்தச் சிறை போட்டிருக்கும் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள், பொது ஆவணம்தான், கொடுத்தாக வேண்டும் என்பேன். அதில் சிறைக்கு எத்தனை சதவீதம் என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடி, முதலில் அதைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.